மாலையில சுத்தின ஊசி

திருப்பதி லாட்ஜ்ல ரூம் கூட்டுற வேலைன்னு சொன்னா எங்க ஊர்ல ஆளாளுக்கு ஒரு நெனப்பு. சாமி காலடியில வேல, நீயெல்லாம் குடுத்து வச்சவன்னு சொல்வாங்க. குடுத்து வச்சவளாம். அடுத்தவன் படுத்த பெட்ஷீட்ட உருவி, மொட்ட போட்டுக்கினு வந்தவங்க குளிச்ச பாத்ரூம்ல முடி அடைச்சிக்கினு நிக்கிற தண்ணிய கை உட்டு தள்ளுறதுல இன்னா குடுத்து வச்சதுன்னு ஒரு நாள் வந்து பார்த்தா தெரியும். புத்தூர்கிட்ட எங்க கிராமம். காலைல ரயில் புடிச்சி, ரேணிகுண்டா தாண்டி திருப்பதியில எறங்கினா, ஸ்டேஷன்லேர்ந்து நடக்கிற தூரத்துல அந்த லாட்ஜ். வருஷக்கணக்கா நான் அங்கதான் கூட்டிக்கினு கெடக்குறேன்.

என் தம்பி பொண்டாட்டியும் அங்க வந்து சேந்தா. கொழந்த பொறந்து, அது தவழ ஆரம்பிச்சதும் திரும்ப வேலைக்கு வந்துட்டா. ஊட்ல என் அம்மா கொழந்தய பாத்துக்குவாங்க. இவளுக்கு பால் ஜாஸ்தி. மத்தியானம் ஆனா மாரு கட்டிக்கும், காலி ரூம் பாத்ரூமுக்குள்ள போயி பீச்சி உட்டுட்டு வருவா. சாயங்காலம் ரயில்ல திரும்பும்போது ஜாக்கெட் நனஞ்சி போயிருக்கும். முந்தானைய இழுத்து மூடிக்கினு, "அண்ணி, இவன் அங்க அழறான், இங்க எனக்கு தெரியுது பாரு"ன்னு சிரிப்பா. ஊட்டுக்குள்ள காலு வச்சதும் மூஞ்சி கூட கழுவ மாட்டா, கொழந்தய வாங்கி மடியில போட்டுக்குவா. அவளுக்கு அந்த ஒரு நேரம்தான் நாளு.

எங்க லாட்ஜ்ல ஒரு பழக்கம் இருந்திச்சி. மத்த ஊர் லாட்ஜ்ல இருக்குமான்னு எனக்கு தெரியாது. மலைக்கு போயிட்டு, திருச்சானூர் போயிட்டு வர்றவங்க ரூம காலி பண்ணும்போது மால, துளசி, குங்கும பொட்டலம், காளஹஸ்தி விபூதின்னு எல்லாத்தையும் குப்ப பக்கெட்லயே போட்டுட்டு போயிடுவாங்க. அத நாங்க அப்பிடியே மூட்ட கட்டி முனிசிபாலிட்டி வண்டியில ஏத்த மாட்டோம். கொழந்தைங்க பம்பர்ஸோட, எச்ச தட்டோட சாமி பூவு போலாமா. அதனால பக்கெட்ட வராண்டாவுல வச்சி, பூவ மட்டும் கையால பொறுக்கி, தனியா ஒரு பிளாஸ்டிக் கூடையில போடுவோம். அப்பால பின்னாடி இருக்கிற வேப்பமரத்துக்கு அடியில கொண்டு போயி கொட்டிடுவோம்.

லாட்ஜ் மேனேஜரு தெலுங்குக்காரரு, ரொம்ப பக்தி. குப்ப மூட்டைல ஒரு சாமந்தி இதழு கண்ணுல பட்டாலும் போதும், "ஸ்வாமி பூலம்மா இவி"ன்னு கத்த ஆரம்பிச்சிடுவாரு. சாமி பூவு, சாமி பூவுன்னு அன்னிக்கி பூரா அதே பாட்டுதான். எங்களுக்கு கையுறை குடுத்திருந்தாரு, இல்லன்னு சொல்லல. கக்கூஸ் கழுவுறதுக்குன்னு ஆளுக்கு ஒரு ஜோடி ரப்பரு கையுறை. கக்கூஸ் கழுவின கையுறையோட சாமி பூவ தொடலாமா? அதனால பூ பொறுக்குற நேரத்துல மட்டும் எல்லாரும் கையுறைய கழட்டி, கைய சோப்பு போட்டு கழுவிக்கினு, வெறுங்கையால பொறுக்குவோம். சுத்தம் பாத்தோம் நாங்க. எங்க சுத்தம் எங்க கொண்டு போயி உட்டுச்சின்னுதான் சொல்ல வர்றேன்.

இப்பல்லாம் யாருக்குதான் சுகர் இல்ல. வர்றவங்கள்ல பாதி பேரு பையில இன்சுலின் வச்சிருக்காங்க. ஊசி போட்டுக்கினதும் அத எங்க போடணும்னு அவங்களுக்கும் தெரியாது, சொல்றதுக்கும் ஆள் இல்ல. ஜன்னல் கட்டையில வைப்பாங்க, சோப்பு டப்பாவுல குத்தி வைப்பாங்க, மெத்தைக்கு அடியில சொருகி வைப்பாங்க. முன்ன எங்கள்ல ஒருத்திக்கு கட்ட வெரல்ல குத்தினப்ப, ரத்தத்த பிதுக்கிட்டு மஞ்சள வச்சிக்கினு அடுத்த ரூமுக்கு போயிட்டா. நான் ஒரு தபா மேனேஜருகிட்ட சொன்னேன், சார், ஊசி போடறதுக்குன்னு ரூமுக்கு ஒரு டப்பா வைங்கன்னு. "இது ஆஸ்பத்திரியாம்மா? ரூமுக்கு ஊசி டப்பா வச்சா சாமி பாக்க வர்றவங்க இன்னா நெனைப்பாங்க"ன்னாரு. அவங்க இன்னா நெனைப்பாங்கங்கிறதுதான் அவருக்கு எப்பவும் கவல. எங்க கை இன்னா நெனைக்கும்னு எப்பவாவது நெனச்சாரா, பாவி மனுஷன்.

அன்னிக்கி ரெண்டாவது மாடியில ஒரு வயசான புருஷன் பொண்டாட்டி ரூம காலி பண்ணிட்டு காளஹஸ்திக்கு கெளம்பினாங்க. சேலம் பக்கம். மரியாதையான ஜனங்க, போகும்போது எங்ககிட்ட சொல்லிட்டுதான் போனாங்க. அந்த ரூம் பக்கெட்ட என் தம்பி பொண்டாட்டி வராண்டாவுக்கு எடுத்துக்கினு வந்தா. கையுறைய கழட்டினா, கைய கழுவினா, மேல கெடந்த சாமந்தி மாலைய ரெண்டு கையாலயும் அள்ளினா. அது சும்மா போட்ட மால இல்ல, இறுக்கி சுருட்டி, நார வச்சி நல்லா கட்டி போட்டிருந்தாங்க. கூடையில போடறதுக்கு முன்னாடி அழுத்திட்டா போல. "அண்ணி, முள்ளு கிள்ளு இருக்குதா பாரு"ன்னா. உள்ளங்கையில ஒரு பொட்டு ரத்தம், பூவுமேலயும் ரத்தம். நான் நார பிரிச்சி பார்த்தா உள்ள இன்சுலின் ஊசிங்க, மூடி இல்லாம.

கைய கொழாய்க்கு கீழ வச்சி சோப்பு போட்டு கழுவ வச்சேன். பிளாஸ்திரி வாங்க பக்கத்து மெடிக்கல் ஷாப்புக்கு இட்டுக்கினு போனேன். அங்க இருந்த பையன், "யாரு ஊசிக்கா?"ன்னான். யாரோ ஒரு ஆளுதுன்னேன். "அப்ப பிளாஸ்திரி ஒட்டிக்கினு ஒக்காராதீங்க, பெரியாஸ்பத்திரிக்கு போங்க, இப்பவே"ன்னான். ஆட்டோ புடிச்சி போயிட்டோம்.

ஆஸ்பத்திரியில ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. தெலுங்குதான், ஆனா தமிழும் பேசினாங்க. எல்லாத்தையும் கேட்டுக்கினு நெதானமா சொன்னாங்க. எய்ட்ஸ் நோயும் மஞ்சக்காமால நோயும் ஊசி வழியா வரலாம், இது மாதிரி ஊசியில வர்ற சான்ஸு கம்மி, ஆனா இல்லவே இல்லன்னு சொல்ல முடியாது. ஊசி யாருதுன்னு தெரியுமான்னு கேட்டாங்க. தெரியும், ரூம்ல தங்கியிருந்தவருதுன்னேன். "அப்ப அவர கேளுங்க. சமீபத்துல டெஸ்ட்டு எடுத்து நோய் இல்லன்னு ரிப்போர்ட் இருந்தா, மாத்திரையே வேணாம். கேக்க முடியலன்னா இன்னிக்கே மாத்திர ஆரம்பிக்கணும், ஒரு மாசம் துன்னணும். அப்பறம் டெஸ்ட்டு எடுத்து பாக்கணும்." அப்பதான் இவ ஜாக்கெட் நனஞ்சிருக்கிறத அவங்க பாத்தாங்க. "பால் குடுக்கிறியாம்மா? டெஸ்ட்டு முடியிற வரைக்கும் நிறுத்திக்கிறது நல்லது. ஒருவேள உனக்கு வந்திருந்தா பால் வழியா கொழந்தைக்கு போயிடும்."

இவ முந்தானைய இழுத்து மூடிக்கினா. "அண்ணி, அந்த தாத்தாவுக்கு போன் போட சொல்லு"ன்னா. அவ்ளோதான். ஒரு போனு, ஒரு கேள்வி. அதுல நிக்குது எல்லாம்.

மேனேஜருகிட்ட அந்த ஆளு நம்பரு இருந்திச்சி. ரூம் எடுக்கும்போது வாங்காம சாவி குடுக்க மாட்டாங்க. நான் ஆஸ்பத்திரி வாசல்லேர்ந்து மேனேஜருக்கு போன் போட்டேன். விஷயத்த சொன்னதும், முடியாதுன்னுட்டாரு. இவள பெஞ்சுல ஒக்கார வச்சிட்டு நேரா லாட்ஜுக்கே போனேன். கவுன்ட்டருக்கு முன்னாடி நின்னு கெஞ்சினேன். நான் யார்கிட்டயும் கெஞ்சுற ஆளு இல்ல, ஊர்ல கேட்டா சொல்வாங்க. அன்னிக்கி கெஞ்சினேன்.

அவரு தெலுங்குல சொன்னத தமிழ்ல அப்பிடியே சொல்றேன். "சாமிய பாக்க வந்த பெரிய மனுஷங்களுக்கு போன் போட்டு, ஒங்களுக்கு எய்ட்ஸ் இருக்குதான்னு கேக்க சொல்றியா? நாளைக்கி அவங்க கம்ப்யூட்டர்ல நம்ம லாட்ஜப் பத்தி எழுதிப்புட்டா ஓனருக்கு யாரு பதில் சொல்றது?" சார், நீங்க கேக்க வேணாம், நம்பரு குடுங்க, நான் கேக்குறேன், கால்ல வேணா உழுறேன்னேன். கஸ்டமரு நம்பர வெளிய குடுக்கக்கூடாது, அது ரூலுன்னாரு. அப்பால ஒண்ணு சொன்னாரு பாருங்க, அதத்தான் இன்னிக்கி வரைக்கும் என்னால முழுங்க முடியல. "கையுறை குடுத்திருக்கேனே, ஏன் கழட்டினா?"

"கக்கூஸ் கையுறையோட சாமி பூவ தொட்டிருந்தா நீயே எங்கள வெளிய தொரத்தியிருப்பியே, சார்" அப்டின்னேன். அவரு கம்ப்யூட்டர பாக்க ஆரம்பிச்சிட்டாரு. அவருக்கு பின்னாடி செவுத்துல சாமி படம், புது மால போட்டு, பத்தி ஏத்தி வச்சிருந்தாங்க. எனக்கு அந்த படத்தையே பேத்து எறியணும் போல இருந்திச்சி. எறியல, திரும்பி ஆஸ்பத்திரிக்கு நடந்தேன்.

இவ மாத்திர துன்ன ஆரம்பிச்சா. துன்னா வாந்தி, துன்னாம இருக்கவும் முடியாது. தல சுத்துதுன்னு செவுத்த புடிச்சிக்கினு நடப்பா. அதெல்லாம் கூட தாங்கிக்கினா. பால நிறுத்துறதுதான் முடியல. மாரு கல்லு மாதிரி கட்டிக்கிச்சி, ஜொரம் வந்திச்சி. எங்க பக்கம் பால் வத்தணும்னா மல்லிப்பூவ மாருல வச்சி துணியால இறுக்கி கட்டுவாங்க. என் அம்மா அததான் பண்ணாங்க. தெனமும் புதுசா பூ வாங்கிக்கினு வந்து கட்டுறது என் வேல. பூவ பாத்தாலே எனக்கு பத்திக்கினு வந்திச்சி, ஆனா வேற வழி இல்ல.

கொழந்தைக்கு இன்னா தெரியும். அம்மா வாசன வந்ததும் அவ ஜாக்கெட்ட புடிச்சி இழுக்கும். இவ மூஞ்சிய திருப்பிக்கினு கொழந்தய என் அம்மாகிட்ட தள்ளுவா. அது கத்துற கத்துல தெருவே எட்டிப் பாக்கும். பாக்கெட் பால் குடுத்தோம், வயித்தால போச்சி. கேவுரு கூழு குடுத்தோம், துப்பிச்சி. ஒடம்பு எளச்சி கண்ணு உள்ள போயிடிச்சி. இவ கொல்லையில ஒக்காந்துக்கினு காத பொத்திக்குவா.

என் தம்பி, என் கூட பொறந்தவன், அவனப் பத்தியும் சொல்லிடுறேன். ரேணிகுண்டாவுல ஒர்க்‌ஷாப்புல வேல. மொத வாரம் நல்லாதான் இருந்தான். அது எய்ட்ஸுக்கு குடுக்கிற மாத்திரன்னு எவனோ ஒர்க்‌ஷாப்புல சொல்லிட்டான் போல, அன்னியிலேர்ந்து பாய தனியா போட்டுக்கினான். என் அம்மா அவளுக்குன்னு ஒரு தட்டு, ஒரு டம்ளரு தனியா வச்சாங்க. ஊசி குத்தினதுதானே, டாக்டரம்மா சும்மா ஜாக்கிரதைக்குதானே குடுத்தாங்கன்னு நான் எவ்ளோ சொன்னாலும், ஊம் ஊம்னு தலய ஆட்டிட்டு டம்ளர தனியாவே கவுத்து வைப்பாங்க. நான் ஒரு நாள் அந்த டம்ளர்லயே தண்ணிய மொண்டு அவங்க கண்ணு முன்னாடி குடிச்சேன். அம்மா எங்கிட்ட ரெண்டு நாளு பேசல.

லாட்ஜ்லேர்ந்து, டெஸ்ட்டு முடியிற வரைக்கும் வேலைக்கு வராதன்னு அவளுக்கு சொல்லி அனுப்பிட்டாங்க. டெஸ்ட்டு எல்லாம் ஒண்ணும் இல்லன்னுதான் வந்திச்சி. மொதல்ல எடுத்ததும் இல்ல, அப்பால எடுத்ததும் இல்ல, கடைசியா எடுத்ததும் இல்ல. டாக்டரம்மா சிரிச்சிக்கினே சொன்னாங்க, இனிமே ஒரு பயமும் கெடயாதுன்னு. தம்பி பாய பக்கத்துல போட்டுக்கினான், ஒண்ணுமே நடக்காத மாதிரி. அம்மா டம்ளர கலந்து வச்சாங்க. பால் மட்டும் வரல, எப்பவோ வத்திப் போச்சி. இவ ஒரு நாள் கொழந்தய மாருல போட்டு பாத்தா, அது கொஞ்ச நேரம் பாத்துட்டு எறங்கி வெளையாட போயிடிச்சி. அவ திரும்ப லாட்ஜுக்கு வரல, ஊர்லயே களையெடுக்கவும் மாங்கா தோப்புக்கும் போயிக்கினு இருக்கா.

நான் மட்டும் போனேன். எங்க போறது, வேற. ஒண்ணு பண்ணேன், பூ பொறுக்குறத உட்டுட்டேன். சாமி கோச்சிக்கினா கோச்சிக்கட்டும், எனக்கும் அவருமேல கோவம்தான். மேனேஜரு கத்தினாரு, நீயே வந்து பொறுக்கு சார்னேன், அதோட நின்னுடிச்சி. கொஞ்ச நாள் கழிச்சி லாட்ஜுங்கள சோதன போட ஆளு வர்றாங்கன்னு கேள்விப்பட்டு ஊசி போட ஒரு வெள்ள டப்பா வாங்கி வந்து வச்சாரு. ஊசி குத்தினாலும் ஓட்ட உழாத கெட்டி டப்பா, போட்டா திரும்ப எடுக்க முடியாது. நல்ல டப்பாதான். அத ரூம்ல வைக்கல, கவுன்ட்டருக்கு பின்னாடி அலமாரிக்குள்ள வச்சி மூடிட்டாரு. தங்க வர்றவங்க ஒருத்தருக்கும் அப்பிடி ஒண்ணு இருக்கிறதே தெரியாது.

ரூம்ல கெடக்குற ஊசிய நானே இடுக்கியால எடுத்து அதுல போட்டு நெரப்பினேன். நெரஞ்ச டப்பாவ யாருகிட்ட குடுக்கிறதுங்கிறது அடுத்த கூத்து. பக்கத்து தெரு நர்சிங் ஹோமுக்கு ஆஸ்பத்திரி குப்ப எடுக்குற வண்டி வருது. அந்த வண்டிக்காரன கேட்டா, லாட்ஜ் எங்க கணக்குல இல்ல, வாங்க மாட்டோம்னான். முனிசிபாலிட்டி வண்டியில கேட்டா, அவங்களும் என்ன மாதிரி வெறுங்கை ஆளுங்கதான், ஐயோ ஊசி வேணாம்மான்னு கும்பிட்டுட்டாங்க. மேனேஜர பேச சொன்னேன், பாக்கலாம்னாரு. நெரஞ்ச டப்பா இன்னும் மாடிப்படிக்கு அடியில ஒக்காந்துக்கினு கீது. இப்ப ஃபினாயில் கேன் காலியானா அதுல போட்டு மூடிய இறுக்கி அது பக்கத்துலயே வைக்கிறேன். நாட்டுல இவ்ளோ ஊசி விக்கிறாங்க, திரும்ப வாங்குறதுக்கு மட்டும் ஒரு நாதி இல்ல.

போன பொரட்டாசியில அந்த சேலத்து புருஷன் பொண்டாட்டி திரும்ப வந்தாங்க. அதே மாடி. தண்ணி கேன் கொண்டு போயி வச்ச என்ன அந்தம்மா அடையாளம் கண்டுக்கினு, "நல்லா இருக்கியாம்மா? கூட ஒரு பொண்ணு இருக்குமே, சிரிச்ச மூஞ்சி, அது எங்க?"ன்னு கேட்டாங்க. அந்த தாத்தாவ பாத்து, "ஐயா, போன வருஷம் ஊசிய ஏன் மாலையில சுத்தி போட்டீங்க?"ன்னு கேட்டுட்டேன். சண்டைக்கு நிக்கிற மாதிரிதான் கேட்டேன்.

அவருக்கு மொதல்ல புரியல. அப்பறம் ரொம்ப சாதாரணமா சொன்னாரு, "வெறும் ஊசிய போட்டா கூட்டுற பொம்பளைங்க கையில குத்திடுமேன்னுதாம்மா. சாமி மாலைய யாரும் கசக்க மாட்டாங்க, அதுக்குள்ள இருந்தா பத்திரம்னு கட்டி போட்டேன்." எங்க கைய காப்பாத்தத்தான் கட்டியிருக்காரு மனுஷன். நான் தரையில ஒக்காந்துட்டேன். ஒக்காந்துக்கினே எல்லாத்தையும் சொன்னேன், மாத்திர, கொழந்த, பால், எல்லாம்.

அந்தம்மா வாய பொத்திக்கினு அழுதாங்க. அவரு கட்டில் ஓரமா ஒக்காந்தாரு. "போன தடவ இங்க வர்றதுக்கு ரெண்டு வாரம் முன்னாடிதான் எனக்கு கண்ணு ஆபரேஷன். அதுக்காக எய்ட்ஸு, காமால எல்லா டெஸ்ட்டும் எடுத்தாங்க. எதுவும் இல்லன்னு ரிப்போர்ட்டு. அன்னிக்கி அது கார்லதாம்மா இருந்தது. நாங்க மத்தியானம் வரைக்கும் காளஹஸ்தி கோயில்லதான் இருந்தோம். ஒரு போன் பண்ணியிருந்தா திரும்பி வந்து கையில குடுத்துட்டு போயிருப்பேனே. ஏம்மா யாரும் கேக்கல?"

ஒங்க மனசு நோகுமேன்னுதான் கேக்கலன்னு நான் சொன்னேன். அவரு கீழ எறங்கி போயி மேனேஜருகிட்ட சத்தம் போட்டாரு. மேனேஜரு எழுந்து நின்னு, கை கூப்பி, காப்பி வரவழைச்சாரு. தாத்தா குடிக்கல, ஆனா வாங்கி கையில வச்சிக்கினு நின்னாரு. அந்த தாத்தா மேல கோவப்படக்கூட எனக்கு வழியில்லாம போச்சி, அதான் எரிச்சல்.

ரயில்ல வரும்போது சொல்லலாமா வேணாமான்னு ரேணிகுண்டாவுலேர்ந்து புத்தூரு வரைக்கும் யோசிச்சேன். போனதும் சொல்லிட்டேன். என் தம்பி பொண்டாட்டி கொழந்தைக்கு சோறு ஊட்டிக்கினு இருந்தா, இப்ப அது தட்டு பக்கத்துல தானா ஒக்காந்து வாய தொறக்குது. நான் சொல்லச் சொல்ல கேட்டுக்கினே ஊட்டினா, அழல, மேனேஜர திட்டக்கூட இல்ல. கடைசி வாய ஊட்டி, கொழந்த வாய தொடச்சி உட்டுட்டு என்ன நிமிந்து பாத்தா.

"அப்ப அன்னிக்கி சாயங்காலம் வந்ததும் பால் குடுத்திருக்கலாம் இல்ல, அண்ணி?"

குடுத்திருக்கலாம்னு சொன்னேன்.